ராண்டி ரோட்ஸின் ஒலிநாடாக்களைக் காத்துவரும் சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



அமெரிக்க ஹெவி மெட்டல் கிட்டார் கலைஞர் ராண்டி ரோட்ஸ், 1982 மார்ச் 19 அன்று, தமது 25ஆம் வயதில், ஃபுளோரிடா மாநிலத்து லீஸ்பர்க்கில் நிகழ்ந்த சிறுவிமான விபத்தில் இறந்தார். பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் குழுவில் அவர் வாசித்து அதுவரை வெளியாகியிருந்த ஸ்டுடியோ இசைத்தொகுப்புகள் இரண்டே இரண்டு: 1980இல் வந்த ‘பிளிசர்ட் ஆஃப் ஆஸ்’, 1981இல் வந்த ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’. முன்னதில் 9 உருப்படிகள், பின்னதில் 8, ஆக 17. இவற்றுக்கு முன், எழுபதுகளின் பிற்பகுதியில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ‘கொயட் ரையட்’ குழுவோடு அவர் பதிவுசெய்த இரண்டு தொகுப்புகளும் ஜப்பானில் மட்டுமே வெளியாயின. குழுவின் சொந்த நாட்டு ரசிகர்கள் அவற்றை இறக்குமதித் தட்டுகளாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைக் கிட்டார் கலைஞர்களின் கையையே மாற்றிவிட்ட ஒருவர் விட்டுச்சென்ற முறையான பதிவுகள் ஏறத்தாழ இவ்வளவுதான். ஆகவே அரங்கின் இருட்டில் யாரோ ஒருவர் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோன கேசட் கருவியில் பதிந்த 70 நிமிடங்கள்கூட, வேறு எந்தப் பெருங்கலைஞர் விஷயத்திலும் பெறாத எடையை இவர் விஷயத்தில் பெறுகின்றன.

அந்த நிமிடங்கள் இன்று உங்கள் அலமாரிகளில் இருக்கின்றன. அரங்கில் அமர்ந்தோ நின்றோ எடுத்த பார்வையாளர் பதிவுகள், மேடையின் ஒலிக்கலப்பு மேசையிலிருந்து நேராக எடுக்கப்பட்டுப் பின்னர் கசிந்த பதிவுகள், ஒத்திகை நாடாக்கள், வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உருவானவை, பாட்டு எழுதும் அமர்வுகளில் நினைவுக்காக ஓடவிட்ட கேசட்டுகள் என்று பலவகைப்பட்ட இவற்றையெல்லாம் ஆவணப் பதிவுகள் என்னும் ஒரே பெயரில் இம்மடல் குறிப்பிடுகிறது. உரிமையாளரின் இசைவின்றி இவற்றைத் தட்டாக அச்சிட்டு விற்பதையே ‘பூட்லெக்’ என்பர். சேகரிப்பாளர்கள் தமக்குள் காசின்றி மாற்றிக்கொள்வது அதனின்றும் வேறானது. இம்மடல் பேசுவது இந்த இரண்டாம் மரபைப் பற்றித்தான்.

ரோட்ஸின் அதிகாரபூர்வ வெளியீடுகளின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், அவை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியமைக்கப்பட்டவை என்பது தெரியும். ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ உறையில் பாஸ் கிட்டாருக்கு ரூடி சார்ஸோவின் பெயரும், டிரம்ஸுக்கு டாமி ஆல்ட்ரிட்ஜின் பெயரும் அச்சாகியிருந்தன. ஆனால் அந்தத் தொகுப்பில் உண்மையில் வாசித்தவர்கள் பாப் டெய்ஸ்லியும் லீ கெர்ஸ்லேக்கும். சார்ஸோவும் ஆல்ட்ரிட்ஜும் பதிவு முடிந்த பிறகு மேடைப் பயணத்துக்காகச் சேர்ந்தவர்கள். 2002இல் இரு தொகுப்புகளும் மறுவெளியீடு கண்டபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று: டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் இருவரின் வாசிப்புகளே அகற்றப்பட்டு, அவற்றின் இடத்தில் ராபர்ட் டுருஹியோவும் மைக் போர்டினும் புதிதாக வாசித்தவை சேர்க்கப்பட்டன. இருபதாண்டுகளுக்கு முன் ஒரே அறையில் ஒருவரையொருவர் கேட்டு வாசித்த மூவரில் இருவர் நீக்கப்பட, ரோட்ஸின் கிட்டார் மட்டும் தாம் சேர்ந்து வாசித்தறியாத இருவரின் தாளத்தின்மேல் நின்றது. ரசிகர்களின் எதிர்ப்பு பல ஆண்டுகள் ஓயவில்லை. 2011இல் வந்த மறுவெளியீட்டில்தான் மூல வாசிப்புகள் மீண்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தத் தொகுப்புகளை முதன்முதலாக வாங்கிய இளைஞர்கள் கேட்டது எதை என்று எண்ணிப்பார்த்தால், பழைய தட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்களின் அருமை விளங்கும்.

‘கொயட் ரையட்’ காலத்துப் பதிவுகளுக்கும் இதே கதிதான். ரோட்ஸின் இளமைக் கால வாசிப்பை அமெரிக்க ரசிகர்களுக்குத் தர 1993இல் ஒரு தொகுப்பு வெளியிடப்பட்டது. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும், பாடகர் கெவின் டுப்ரோ பல பாடல்களில் தம் குரலைப் புதிதாகப் பதிந்தே அதை வெளியிட்டார். எழுபதுகளின் அந்தக் குழு உண்மையில் எப்படி ஒலித்தது என்று அறிய விரும்புவோருக்கு இன்றும் ஜப்பானியத் தட்டுகளும், லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புகளில் எடுக்கப்பட்ட நாடாக்களுமே துணை.

1987இல் வந்த ‘டிரிப்யூட்’ என்னும் நேரடி மேடைத் தொகுப்பு மிகச் சிறந்தது. அதைக் குறைத்துச் சொல்வது இம்மடலின் எண்ணமன்று. அதன் பெரும்பகுதி 1981 மே மாதம் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் பதிவானது. ரோட்ஸ் இறந்து ஐந்தாண்டுகள் கழித்தே அது வெளியாயிற்று என்பதும், அதுவரை அவருடைய மேடை வாசிப்பைக் கேட்டறிய ஒரு சிறு ‘இ.பி.’ தட்டையும் சில தனிப்பாடல் தட்டுகளின் பக்கங்களையும் தவிர, கையிலிருந்து கைக்கு மாறிய கேசட்டுகளைத்தான் ரசிகர்கள் நம்பியிருந்தனர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை. ஆயினும் ‘டிரிப்யூட்’ ஓர் இரவின் ஆவணம் அன்று. வேறுவேறு இடங்களில் பதிந்தவற்றைச் சேர்த்து, கேட்பதற்கு இனிமையாக ஒழுங்குசெய்யப்பட்ட தொகுப்பு அது. ஒரு கலைஞர் ஓர் இரவில் எதைச் செய்தார், மறு இரவில் எதை மாற்றினார் என்ற கேள்விக்கு அது முழு விடை தராது. அந்த விடை உங்கள் நாடாக்களில்தான் கிடக்கிறது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை ஸ்டுடியோவில் ரோட்ஸ் வேலைசெய்த முறையோடு ஒப்பிட்டால் அறியலாம். இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலிருந்த ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டுடியோவில், ஒலிப்பொறியாளர் மேக்ஸ் நார்மனின் துணையோடு, அவர் தம் தனி வாசிப்புகளை, அதாவது பாட்டின் நடுவே கிட்டார் மட்டும் முன்னால் வந்து நிற்கும் பகுதிகளை, ஒரு முறை பதிந்து நிறுத்தவில்லை. அதே சுரங்களை, அதே வளைவுகளோடும் நடுக்கங்களோடும், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தனித்தனித் தடங்களில் வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ‘கிரேஸி டிரெய்ன்’ பாட்டின் தனி வாசிப்பைக் காதொலிப்பானில் கேட்பவர்கள் இந்த அடுக்கை உணரலாம்: மூன்று கிட்டார்களும் ஒன்றுபோல் ஓடுகின்றன, ஆனால் மனிதக் கை மூன்று முறை வாசித்ததால் மயிரிழை வேறுபாடுகள் எஞ்சி, ஒலிக்கு ஒரு தடிப்பையும் மினுமினுப்பையும் தருகின்றன. இது கருவி செய்யும் தந்திரமன்று, கையின் உழைப்பு.

மேடையில் இந்த வசதி இல்லை. ஒரே கிட்டார், ஒரே கை. மூன்று தடங்கள் நிரப்பிய வெளியை ஒற்றைக் கிட்டாரால் எப்படி நிரப்பினார், எந்தச் சுரத்தை நீட்டினார், ஸ்டுடியோவில் தேவைப்படாத எந்த இடைச்சொருகல்களை மேடையில் சேர்த்தார் என்பது நேரடிப் பதிவுகளில்தான் தெரியும். அதிலும் ‘சூயிசைட் சொல்யூஷன்’ பாட்டின் இறுதியில் குழுவினர் நிறுத்திக்கொள்ள, ரோட்ஸ் துணையின்றி வாசிக்கும் நீண்ட பகுதி ஒவ்வோர் இரவும் அப்படியே திரும்ப வந்ததன்று. சில சொற்றொடர்கள் நிலையாக இருக்கும். அவற்றுக்கு இடையிலான வழிகள் மாறும். ஒரு மாத இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு நாடாக்களை அடுத்தடுத்துக் கேட்டால், முன்னதில் தயக்கத்தோடு தலைகாட்டிய ஓர் ஓட்டம் பின்னதில் உறுதியான உருவம் பெற்று நிற்பதைக் காண முடியும். ஒரு கலைஞரின் சிந்தனை வளர்வதை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் ஆவணம் வேறில்லை.

‘லிட்டில் டால்ஸ்’ பாட்டின் தனி வாசிப்பு, பிறகு முறையாக வாசிக்கலாம் என்று தற்காலிகமாகப் பதிந்து வைத்தது என்றும், நேரமின்மையால் அதுவே வெளியாகிவிட்டது என்றும் சொல்லப்படுகிறது. கேட்பவர்கள் நிறைவானது என்று கொண்டாடும் ஒன்றைக் கலைஞர் முற்றுப்பெறாததாகக் கருதியிருக்கக்கூடும் என்ற உணர்வோடு அணுகும்போது, முற்றுப்பெறாதவை, கைவிடப்பட்டவை, பிழைபட்டவை ஆகியவற்றின் மதிப்பே மாறிவிடுகிறது. இதற்குக் கண்முன் உள்ள சான்று ‘டீ’. தம் தாய் டெலோரஸுக்காக ரோட்ஸ் இயற்றிய இந்தச் சிறு உருப்படி ‘பிளிசர்ட்’ தொகுப்பில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஒலிக்கிறது. கிளாசிகல் கிட்டார் மரபின்மேல் அவருக்கிருந்த பற்று இதில் வெளிப்படை. ‘டிரிப்யூட்’ தொகுப்பின் இறுதியில் இதே உருப்படியின் ஸ்டுடியோ மிச்சங்கள் நான்கு நிமிடங்களுக்கு மேல் இடம்பெற்றன. மிச்சங்கள் என்பது தேர்வாகாமல் ஒதுக்கப்பட்ட முயற்சிகள். வாசிப்பு தொடங்குகிறது, ஓரிடத்தில் தடுக்கி நிற்கிறது, பேச்சுக்குரல் கேட்கிறது, மீண்டும் தொடங்குகிறது. மேடை வாசிப்புகளின் பேரொலிக்குப் பிறகு வரும் இந்த நான்கு நிமிடங்களை அந்தத் தொகுப்பின் மிக அரிய பகுதி என்றே கருத வேண்டும். யாரோ ஒருவர் இந்த நாடாவை, ‘முழுமையான பதிவுதான் இருக்கிறதே’ என்று அழித்துவிட்டு அதன்மேல் வேறொன்றைப் பதிந்திருந்தால் இந்தக் குரலும் இந்தத் தடுக்கலும் நமக்கு இல்லை.

இனி, நாடாவின் உடல்நிலை. கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓடுகிறது. இவ்வளவு ஒடுங்கிய, இவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில் பதிந்த ஒலிக்கு ஓர் இரைச்சல் இயல்பாகவே உண்டு. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்கும்போது புதிய நாடாவின் இரைச்சலும் பழையதோடு சேர்கிறது. ஒரே தரமுள்ள நாடாக்கள் என்று கொண்டால், மூலத்திலிருந்து எடுத்த முதற்படியில் இரைச்சலின் ஆற்றல் இருமடங்காகிறது, அதாவது 3 டெசிபெல் கூடுகிறது. அந்த வரிசையில் நான்காவது நாடாவில் 6 டெசிபெல். கூடவே உச்ச சுரங்களின் கூர்மை ஒவ்வொரு படியிலும் மழுங்குகிறது, ஓட்டத்தின் சிறு நடுக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஆகவேதான் ஒரு பதிவு மூலத்திலிருந்து எத்தனையாவது படி என்பதைச் சேகரிப்பாளர்கள் தலைமுறை என்று குறித்து, அதற்கே முதல் மதிப்புத் தருகின்றனர். இந்த வழக்கம் சரியானது. ஆனால் அது முழுமையாகப் பின்பற்றப்படுவதில்லை. நாடாவின் உறையில் ஊர்ப் பெயரும் தேதியும் இருக்கும். யார் பதிந்தார், எந்தக் கருவியில், யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்னும் வழிவரலாறு இருக்காது. தேதியே தவறாக எழுதப்பட்டு, ஒரே இரவின் பதிவு இரண்டு ஊர்ப் பெயர்களில் உலவுவதும் உண்டு.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஓர் ஒப்புமை பொருந்துகிறது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள், கிடைத்த படிகளில் தெளிவானது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கவில்லை. ஒவ்வொரு படியையும் ஒப்பிட்டு, வேறுபடும் பாடங்களைக் குறித்து, எந்தப் படி எதிலிருந்து எழுதப்பட்டது என்று ஆராய்ந்த பின்பே மூலபாடத்தைத் தீர்மானித்தனர். சிதைந்த ஏட்டில் மட்டும் ஒரு சொல் சரியாக நின்றிருப்பதும் உண்டு. கேசட்டுக்கும் இந்த ஒழுங்கே வேண்டும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடங்கள்தான். பக்கம் திருப்பும்போது நிகழ்ச்சியில் ஒரு துண்டு விழுந்துவிடுகிறது, அந்தத் துண்டு சில நேரங்களில் கிட்டாரின் தனி வாசிப்பாகவே அமைந்துவிடுகிறது. அதே இரவில் அரங்கின் வேறொரு மூலையில் பதிந்த இன்னொருவர் வேறு நேரத்தில் பக்கம் திருப்பியிருப்பார். தரம் குறைந்தது என்று ஒதுக்கப்பட்ட அந்த இரண்டாவது நாடாதான் விடுபட்ட ஒரு நிமிடத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறது.

நாடாவைக் கணினிக் கோப்பாக மாற்றும் வேலையில் பெரும்பாலோர் கவனிக்காது விடும் இரண்டு செய்திகளை இம்மடல் விரிவாகச் சொல்ல விரும்புகிறது. முதலாவது ‘அசிமுத்’ எனப்படும் சாய்கோணம். ஒலியைப் பதியும் தலைப்பகுதியில் நுண்ணிய பிளவு ஒன்று உண்டு. அது நாடாவின் ஓட்டத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கையடக்கக் கருவிகளில் அது ஓரளவு சாய்ந்தே இருந்திருக்கும். அந்தச் சாய்வோடு பதிந்த நாடாவை நேராக நிற்கும் தலையுள்ள நல்ல கருவியில் ஓட்டினால், சிம்பல்களின் சலசலப்பும் கிட்டார் தந்தியை மீட்டும் கூர்மையும் போர்வைக்குள் இருப்பதுபோல் மங்கிக் கேட்கும். தலையின் அருகிலுள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, உச்ச ஒலி மிகத் தெளிவாக எழும் நிலையில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில வேளை ஒவ்வொரு பக்கத்துக்கும், இதைத் தனியாகச் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த கோப்பில் பின்னர் உச்ச ஒலியைச் செயற்கையாக உயர்த்தினால் இரைச்சல்தான் உயரும், இழந்தது திரும்பாது. ‘டால்பி’ இரைச்சல் குறைப்பு முறையில் பதிந்த நாடாவை அதே முறையில்தான் ஓட்ட வேண்டும் என்பதும், குரோம் நாடாவையும் சாதாரண நாடாவையும் ஒரே அமைப்பில் ஓட்டக் கூடாது என்பதும் உங்களில் பலர் அறிந்தவையே.

இரண்டாவது, வேகம். ரோட்ஸின் வாசிப்பைச் சுரம் பிரித்துக் கற்கும் மாணவர்கள், ஒரு மேடைப் பதிவு ஸ்டுடியோப் பதிவைவிடச் சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ கேட்டால், கிட்டாரின் சுருதி அன்று மாற்றப்பட்டிருந்ததா, அல்லது நாடா தவறான வேகத்தில் ஓடுகிறதா என்று அறியாது திகைப்பர். சேகரிப்பாளர்கள் சிலர் ஸ்டுடியோத் தட்டோடு ஒப்பிட்டுச் சுருதியைச் சரிசெய்துவிடுகின்றனர். இது பிழையான வழி. எதை நிறுவ வேண்டுமோ அதையே உண்மை என்று வைத்துக்கொள்வது. இதைவிட நம்பத்தக்க அளவுகோல் பல நாடாக்களுக்குள்ளேயே இருக்கிறது. அரங்கின் ஒலிபெருக்கிகளிலிருந்து எழும் மின்சார முனகல், பாடல்களுக்கு இடையில் பெரும்பாலும் மெலிதாகப் பதிந்திருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 60, பிரிட்டனில் 50. முனகல் அந்த எண்ணிலோ அதன் மடங்குகளிலோ நிற்க வேண்டும். கிளீவ்லாந்து நாடா ஒன்றில் அது 61.8 என்று காட்டினால் நாடா 3 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று பொருள். காதுக்கு அது ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி அளவு உயர்வு. இன்னும் நுட்பமான ஒன்றுமுண்டு: பதிந்த கருவியின் பேட்டரி தளரத் தளர, பதிவின்போது நாடா மெதுவாக ஓடியிருக்கும், அதைச் சீரான வேகத்தில் மீட்டு ஒலிக்கும்போது சுருதி நிகழ்ச்சியின் இறுதியை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டே போகும். முனகலின் அளவை நிமிடத்துக்கு நிமிடம் தொடர்ந்தால் அந்த ஏற்றத்தைத் துல்லியமாகச் சீராக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: பழைய கோப்பில் இரைச்சலை நீக்கும் மென்பொருளை ஏற்கெனவே ஓட்டியிருந்தால், இந்த முனகலும் அதோடு போயிருக்கும். அழுக்கு என்று துடைத்தது அளவுகோலாக இருந்திருக்கிறது.

ஆகவேதான் இம்மடலின் முதன்மையான வேண்டுகோள், எதையும் திருத்தாத கோப்பு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்பது. நாடாவிலிருந்து நேராக, 24 பிட் ஆழத்தில், நொடிக்கு 96,000 மாதிரிகள் என்ற அளவில், எவ்வாறாயினும் 48,000க்குக் குறையாமல் எடுத்து, ‘வேவ்’ அல்லது இழப்பின்றிச் சுருக்கும் ‘ஃப்ளாக்’ வடிவில் வைக்கப்பட வேண்டும். ‘எம்பி3’ காதுக்குப் புலப்படாதவற்றை நீக்கிச் சுருக்குவது. கேட்பதற்கு அது போதும், ஆவணத்துக்குப் போதாது. இரைச்சல் குறைத்த, ஒலியளவை உயர்த்திய, செயற்கை நுண்ணறிவால் கிட்டாரை மட்டும் பிரித்தெடுத்த கோப்புகளை உருவாக்க விரும்புவோர் தாராளமாக உருவாக்கலாம். கற்போருக்கு அவை பயன்படும். ஆனால் பிரித்தெடுக்கும் மென்பொருள், ஒலி மறைந்த இடங்களைத் தன் ஊகத்தால் நிரப்பிவிடுகிறது. சிம்பலின் பேரோசையில் மூழ்கிய சுரத்தை ரோட்ஸ் வாசித்தாரா, மென்பொருள் வாசித்ததா என்று 20 ஆண்டுகள் கழித்து ஒருவர் கேட்டால், திருத்தாத கோப்பு மட்டுமே பதில் சொல்லும். அதிகாரபூர்வ வெளியீடுகளிலேயே தாளக் கலைஞர்கள் மாற்றப்பட்ட வரலாறு கொண்ட ஒருவரின் பதிவுகளில், ரசிகர்களும் அதே தவறைச் செய்வது பொறுக்கத்தக்கதன்று.

பதுக்கிவைத்தல் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரிய நாடா ஒன்றைத் தன்னிடம் மட்டும் வைத்திருப்பது, வேறொரு அரிய நாடாவைப் பெறுவதற்கான கைம்முதலாகச் சேகரிப்பாளர் உலகில் நெடுங்காலம் பயன்பட்டு வந்திருக்கிறது. பெற்றதைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு கொடுக்கும் வழக்கமும் அதிலிருந்தே பிறந்தது. இதற்கு நியாயமான காரணங்களும் உண்டு: நம்பிக்கையோடு கொடுத்த நாடா மறுமாதமே விலைக்கு வந்த பூட்லெக் தட்டாக மாறியதைப் பலர் கண்டு நொந்திருக்கின்றனர். அந்த நோவை மதிக்க வேண்டும். இருப்பினும், இந்த வழக்கம் உருவான காலத்தில் நாடாக்கள் இளமையாக இருந்தன, அவற்றைப் பதிந்தவர்களும் இளைஞர்களாக இருந்தனர். 1981இல் 18 வயதில் கருவியை மறைத்துக்கொண்டு அரங்குக்குள் நுழைந்தவர் இன்று 60 வயதைக் கடந்தவர். அவருக்குப் பின் அந்தக் கேசட் பெட்டி யார் கைக்குப் போகும், அவர்களுக்கு அதன் அருமை தெரியுமா என்பவை இனி ஒத்திப்போடத்தக்க கேள்விகள் அல்ல.

பாதுகாப்பான இடம் என்று எண்ணியவையும் பாதுகாப்பானவையாக இருந்ததில்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் மூண்ட தீயில், உலகின் மிகப்பெரிய இசை நிறுவனம் ஒன்றின் மூலநாடாக் கிடங்கு எரிந்துபோனது. அதன் முழு அளவு பொதுமக்களுக்குத் தெரியவர 11 ஆண்டுகள் ஆயின. ரோட்ஸ் குடும்பத்தினரும் இழப்பை அறிந்தவர்கள்தாம். வடக்கு ஹாலிவுட்டில் டெலோரஸ் ரோட்ஸ் நிறுவிய ‘மியூசோனியா’ இசைப்பள்ளி, ராண்டி முதலில் கற்ற இடமும், பின்னர் மாணவர்களுக்குக் கிட்டார் கற்பித்த இடமுமாகும். 2015இல் டெலோரஸ் மறைந்த பிறகும் ராண்டியின் நினைவுப் பொருள்களை அங்கேயே குடும்பத்தினர் பேணிவந்தனர். 2019 நவம்பரில், நன்றி நவிலும் பண்டிகை நாளன்று, அந்தப் பள்ளியில் திருட்டு நடந்தது. ராண்டியின் முதல் மின்கிட்டார், ஆம்ப்ளிஃபயர், படங்கள் முதலியவை களவுபோயின. சில பொருள்கள் பின்னர் மீட்கப்பட்டன. கிட்டாரைத் திருடினால் அதைத் தேடலாம், அடையாளம் காணலாம். ஒரே படியாக இருக்கும் நாடா அழிந்தால் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

எனவே ஒரே பெட்டியில் ஒரே படி என்னும் நிலையை முதலில் ஒழிக்க வேண்டும். திருத்தாத கோப்பு குறைந்தது மூன்று இடங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில், இருக்கட்டும். கோப்பு சிதையவில்லை என்பதை ஆண்டுதோறும் சரிபார்க்கச் சரிபார்ப்பு எண்களை உடன் சேர்த்து வைப்பது நலம். கோப்பு எடுத்தாயிற்று என்று நாடாவை எறிந்துவிடலாகாது. இன்றுள்ளதைவிட நல்ல கருவி நாளை வரலாம், மூலம் இருந்தால்தான் மறுபடி எடுக்க முடியும். கேசட்டின் உள்ளே நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டின் பசை காய்ந்து அது விழுந்திருக்கலாம். நாடா முன்சுருளோடு ஒட்டிய இடத்தில் அறுந்திருக்கலாம். இவை இரண்டும் நாடாவின் இறப்பல்ல. அறுந்ததை ஒட்டி, கேசட்டின் கூட்டை மாற்றி, நாடாவைப் புதிய கூட்டுக்குள் ஏற்றினால் அது பாடும். ஓடாத கேசட்டைக் குப்பையில் இடுமுன், இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுவது கடமை.

ஆவணங்களை நிலையாகக் காக்கும் நிறுவனங்களும் இல்லாமலில்லை. 2021இல் ராண்டி ரோட்ஸுக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தனது இசை மேன்மை விருதை வழங்கிப் பெருமைப்படுத்தியது. அந்த அமைப்பின் நூலகமும் ஆவணக் காப்பகமும் கிளீவ்லாந்திலேயே உள்ளன, ‘டிரிப்யூட்’ தொகுப்பின் பெரும்பகுதி பதிவான அதே நகரில். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வர்ஜீனியாவின் கல்பெப்பரில் ஒலி-ஒளி ஆவணங்களுக்கென்றே பெரும் காப்பு மையம் ஒன்றை நடத்திவருகிறது. இத்தகைய காப்பகங்களில் நாடாவை ஒப்படைப்பது அதை உலகுக்குத் திறந்துவிடுவதாகாது. ஆய்வாளர்கள் அங்கே வந்து கேட்கலாம், படியெடுக்க முடியாது என்று நிபந்தனை விதிப்பதற்கு இடமுண்டு. உரிமையாளர்கள் இசையும் நாள்வரை பதிவு அமைதியாகக் காத்திருக்கலாம், ஆனால் உயிரோடு காத்திருக்கும். விற்பனைக்குக் கசியுமோ என்று அஞ்சிப் பதுக்கியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி தென்படவில்லை. குடும்பத்தினருக்கும் குழுவின் எஞ்சிய கலைஞர்களுக்கும் ஒரு படி கொடுப்பது இதனினும் முந்திய கடமை. ரோட்ஸோடு வாசித்தவர்களில் லீ கெர்ஸ்லேக் 2020இல் மறைந்தார், கெவின் டுப்ரோ 2007இலேயே மறைந்துவிட்டார், ஆஸி ஆஸ்பர்ன் 2025இல் காலமானார். இது இந்த இரவு, இது இந்த அரங்கு, இந்த வாசிப்பு இப்படி அமைந்ததற்கு இதுதான் காரணம் என்று கேட்டவுடன் சொல்லத்தக்கவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

மியூசோனியாவில் ராண்டியிடம் நேரில் பாடம் கற்றவர்களுக்கும் இம்மடல் உரியது. அவர்களுள் எவரேனும் பாடவேளையில் ஒரு கேசட்டை ஓடவிட்டிருந்தால், அதில் மேடையின் பேரொலி இராது, கரவொலி இராது. ஓர் ஆசிரியர் மாணவருக்கு ஒரு விரல் நிலையை மெதுவாக விளக்குவது மட்டுமே இருக்கும். அத்தகைய ஒன்றைச் சேகரிப்பாளர் சந்தை பெரிதாக மதிக்காமல் போகலாம். ஆயினும் புகழின் உச்சியில் இருந்தபோதும், பயணம் செய்த ஊர்களில் கிளாசிகல் கிட்டார் ஆசிரியர்களைத் தேடிச் சென்று பாடம் கேட்டவர் என்று அவரோடு பயணித்தவர்கள் சொல்லும் ஒரு மனிதரின் கற்பிக்கும் குரல், எந்த மேடைப் பதிவுக்கும் குறைந்ததன்று.

வேண்டுவன இவை. இந்த ஆண்டு முடிவதற்குள் உங்கள் பெட்டியிலுள்ள நாடாக்களில் மிகக் குறைந்த தலைமுறையைச் சேர்ந்த ஒன்றை எடுத்து, சாய்கோணம் சரிசெய்து, எதையும் திருத்தாமல் கோப்பாக்கி, அது யாரிடமிருந்து எவ்வாறு வந்தது என்பதைத் தெரிந்த அளவுக்கு எழுதி, தெரியாத இடத்தைத் தெரியவில்லை என்றே குறித்து, உங்கள் இல்லத்துக்கு வெளியே இன்னோர் இடத்தில் ஒரு படியைச் சேர்ப்பியுங்கள். நாடாவைப் பதிந்தவர் உயிரோடு இருந்தால் இப்போதே அவரைக் கேட்டு, எந்த வரிசையில் அமர்ந்திருந்தார், எந்தக் கருவி, எப்போது பக்கம் திருப்பினார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவண்,
அந்த இசையின்மேல் அக்கறை கொண்டோர்